சாவிக்கும் லோரிக்கும் நடுவே

வீடு மாறப்போகிறோம் என்றதும் நம்மில் பலர் முதலில் செய்வது, மளிகைக் கடை வாசலில் நின்று காலி அட்டைப்பெட்டி கேட்பது. அதற்கு அவசரமே இல்லை. பெட்டி என்றைக்கும் கிடைக்கும். காலி வீடுதான் மறுபடி கிடைக்காது. சோபாவும் அலமாரியும் உள்ளே போய்விட்டால் எந்தச் சுவரில் ஈரம், எந்தத் தரை ஓட்டுக்குக் கீழே பொள்ளல் என்று யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் இது மூட்டை கட்டும் அத்தியாயம் என்றாலும், சாவி கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. சாவிக்கும் லோரிக்கும் நடுவே இரண்டு வாரமாவது விடுங்கள். பழைய வீட்டுக்கு இன்னும் ஒரு மாத வாடகை போனாலும் போகட்டும். அது வீண் செலவு ஆகாது.

ஜொகூரின் ஸ்கூடாயில் முதல் வீட்டுக்குப் போகிறவர்களில் மூன்று வகையினரை அடிக்கடி பார்க்கலாம். தாமான் உங்கு துன் அமினாவிலோ தாமான் யுனிவர்சிட்டியிலோ வாடகைக்குப் போகிறவர்கள் ஒரு வகை. கணவனோ மனைவியோ இருவருமோ துவாஸ் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்வார்கள். அதே தாமான்களில் பத்து இருபது வருடம் ஓடிய பழைய வீட்டை வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, முத்தியாரா ரினி போலத் தோட்டத்தை அழித்து எழுந்த குடியிருப்புகளிலோ, காங்கார் புலாய் பக்கத்திலோ, மேம்பாட்டாளரிடம் புத்தம் புது வீடு வாங்குகிறவர்கள். இந்த மூன்றாம் வகையினரில் பலருடைய பெற்றோர் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். தோட்டத்தில் வீடு நிர்வாகத்தின் சொத்து. கூரை ஒழுகினால் கிராணியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் முடிந்தது. சொந்த வீட்டில் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது, கெடு இருக்கிறது, தாள் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குவோம்.

புது வீடு வாங்கியவர்களுக்கு

சாவி வாங்கிய அன்றே சாமி படத்தோடு போவது நல்லதுதான். கூடவே ஒரு வாளி, ஒரு டார்ச் லைட், ஒரு கைப்பேசி சார்ஜர், ஒரு சுருள் மாஸ்கிங் டேப், ஒரு ஐம்பது சென் காசு, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள்.

காசு தரைக்கு. ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் காசால் தட்டிக்கொண்டே போனால், நன்றாக ஒட்டிய ஓடு கெட்டிச் சத்தம் தரும்; அடியில் சிமெண்டு நிறையாத ஓடு டொக்கென்று வெற்றுச் சத்தம் போடும். அப்படிச் சத்தம் போட்ட இடத்தில் டேப் ஒட்டி எண் போடுங்கள். இன்றைக்கு அது சத்தம் மட்டும்தான். அதன்மேல் துணி துவைக்கும் எந்திரம் நின்று ஆட்டம் போடத் தொடங்கினால் விரிசல். சார்ஜர், எல்லா பிளக் பாயிண்டிலும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க. வீட்டுக்குள் இருக்கும் மின்சுவிட்சுப் பெட்டியில் கசிவு மின்சாரத்தை வெட்டும் சுவிட்சுக்குச் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் டப்பென்று கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அதைப் பட்டியலின் தலையில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அழகுக் குறை, இது உயிர் விஷயம்.

வாளி, குளியலறைக்கு. மாடி வீட்டில் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் சோதனை இதுதான். பலர் செய்வதே இல்லை. முதலில் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். துளைக்கு ஓடாமல் கதவுப் பக்கம் வந்தால் சாய்வு தப்பு. பிறகு தண்ணீர் போகும் துளையைத் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்து, தரை முழுக்க ஒரு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கு வந்து, மேலே ஏறாமல், அந்தக் குளியலறைக்கு நேர் கீழே நின்று சிலிங்கை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது சமையலறையாகவோ சாப்பாட்டு மேசை போடும் இடமாகவோ இருக்கும். தேநீர்க் கறை போல ஒரு வட்டம், சிலிங் பலகையின் மூட்டில் ஓர் உப்பல், குழாய் இறங்கும் மூலையில் ஒரு சொட்டு, இவற்றில் எது தெரிந்தாலும் படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். சாமான் வந்தபின் இந்தச் சோதனையைச் செய்ய எவருக்கும் மனமோ நேரமோ வராது.

ஒரு நாளாவது மழை கொட்டும்போது போய்ப் பாருங்கள். ஸ்கூடாயில் இதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சன்னல் சட்டத்தின் கீழ் மூலைகள், காற்றுப் போக்கித் துளைகள், பின்பக்கச் சமையலறைக் கூரையும் சுவரும் சேரும் இடம், இவைதான் ஒழுகும்.

குறைப் பட்டியலை மேம்பாட்டாளர் கொடுக்கும் பாரத்தில் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி “சரி பாஸ், பார்க்கிறோம்” என்று பதில் வந்தால் அது புகார் ஆகாது. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஒப்பந்தத்தில், தரை வீட்டுக்கு ஜி அட்டவணை, அடுக்குமாடிக்கு எச் அட்டவணை என்றிருக்கும். இரண்டிலும் குறை திருத்தப் பொறுப்புக் காலம் 24 மாதம். நீங்கள் எழுத்தில் கொடுத்த குறையை மேம்பாட்டாளர் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். வீட்டு விலையில் 5 விழுக்காடு அவருடைய கைக்கு உடனே போகாமல் வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். பாதி 8 மாதத்தில், மீதி 24 மாதத்தில் விடுவிக்கப்படும். ஆகவே உங்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை இரண்டு தேதிகள்: ஏழாம் மாதம், இருபத்து மூன்றாம் மாதம். அந்த இரண்டு முறையும் வீட்டைச் சுற்றி வந்து, புதிய குறைகளை எழுதி, மேம்பாட்டாளருக்கு ஒன்று, பணத்தை வைத்திருக்கும் வழக்கறிஞருக்கு ஒன்று என அனுப்புங்கள். வழிக்கு வராதவர்களுக்கு வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் 2002 முதல் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம்.

இன்னொன்று. ஒப்படைப்புக் கடிதத்தில் சொன்ன கெடு தாண்டிவிட்டால், சாவியை நீங்கள் வாங்காவிட்டாலும் வீட்டை ஒப்படைத்தாகிவிட்டது என்றே கணக்கு. “ஆடி முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்” என்று கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தவர்களுக்கு 24 மாதத்தில் சில வாரங்கள் அப்படியே கரைந்துபோகும். சாவியை உடனே வாங்குங்கள். குடி போவது எப்போது என்பது வேறு விஷயம்.

குறை பார்த்து முடிப்பதற்குள் சமையலறையை உடைத்துக் கட்டும் ஆளைக் கூட்டி வராதீர்கள். நீங்கள் ஓடு மாற்றிய குளியலறை பிறகு ஒழுகினால், அது உங்கள் ஆள் செய்த வேலை என்று மேம்பாட்டாளர் கையை விரித்துவிடுவார்.

பழைய வீடும் வாடகை வீடும்

பழைய வீட்டுக்கு இந்த 24 மாதப் பாதுகாப்பு கிடையாது. இருக்கும் நிலையில்தான் கைமாறுகிறது. அதனால் பணம் கைமாறுவதற்கு முன் பார்க்க வேண்டும். கதவு நிலைகளின் அடிப்பாகத்தையும், மாடிப்படிக்குக் கீழேயுள்ள மூலையையும், சிலிங் மூடியைத் திறந்து உள்ளே தெரியும் மரத்தையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே இறங்கினால் சிதல். மருந்து அடிப்பதென்றால் வீடு காலியாக இருக்கும் இந்த இரண்டு வாரத்தில்தான் அடிக்க வேண்டும். கூரைத் தொட்டியையும் அப்போதே கழுவிவிடலாம். பூட்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய சொந்தக்காரர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் சாவி கொடுத்து வைத்த அத்தனை பேரையும் உங்களுக்குத் தெரியாது. சுங்கை ஸ்கூடாய் கரையை ஒட்டியோ பள்ளத்திலோ வீடு இருந்தால், மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஜொகூரை 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் உலுக்கிய வெள்ளத்தைப் பழைய குடியிருப்புக்காரர்கள் எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

வாடகை வீட்டுக்கு வழக்கமான கணக்கு: இரண்டு மாத வாடகை வைப்பு, ஒரு மாதம் முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். வைப்புத்தொகை திரும்பி வருவதும் வராததும் நீங்கள் முதல் நாள் எடுக்கும் படத்தில் இருக்கிறது. ஒவ்வோர் அறையையும் வாசலில் நின்று ஒரு வீடியோ, மீட்டர் எண்ணுக்கு ஒரு படம், உடைந்தது கீறியது ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கட்டாத தாளை நாளைக்குத் தகராறு வந்தால் ஆதாரமாக நீட்ட முடியாது.

தண்ணீர், மின்சாரம், அடுப்பு

தண்ணீர் ரான்ஹில் எஸ்ஏஜே, மின்சாரம் தெனாகா நேஷனல், கழிவுநீர் இண்டா வாட்டர், குப்பையும் மதிப்பீட்டு வரியும் என்றால் எஸ்டபிள்யூ கார்ப்பும் இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றமும். ஸ்கூடாய்க்காரர்களில் பலர் இன்னும் ‘ஜேபி தெங்கா’ என்று பழைய நகராண்மைக் கழகத்தின் பெயரைச் சொல்வார்கள். 2017 நவம்பரில் அது மாநகர் மன்றமானது. மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரி முடிவுக்குள்ளும் ஆகஸ்டு முடிவுக்குள்ளும். நில வரி தனி. அதற்கு மே 31 கெடு.

மின்சாரக் கணக்கைத் திறக்க மைகார்டு, வீட்டு ஒப்பந்தம், வைப்புத்தொகை, ஒப்பந்த முத்திரைக்கு 10 ரிங்கிட் வேண்டும். பழைய வீடாக இருந்தால் பாக்கி எதுவும் நிற்கவில்லை என்று பார்த்த பிறகே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இணையத்துக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஆள் வந்து கம்பி இழுக்க நாளாகும், காலி வீட்டில் அவருக்கும் வேலை சுலபம்.

அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஜொகூரில் 2014 முதல் 2024 முடிய வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மறுபடி சனி, ஞாயிறு. ‘ஞாயிற்றுக்கிழமை கவுண்டர் திறந்திருக்கும்’ என்று அண்ணன் அக்காள் சொல்லும் யோசனை அந்தப் பதினோரு வருடத்துப் பழக்கம். சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு இப்போது இரண்டு பக்கமும் ஒரே விடுமுறை. வீடு மாற்ற அது வசதி, கவுண்டருக்குப் போக அது இடைஞ்சல். முடிந்ததைச் செயலியில் முடித்துவிடுங்கள்.

புது வீட்டில் குழாயைத் திறந்ததும் வரும் தண்ணீரைக் குடிக்கவோ அரிசி களையவோ எடுக்க வேண்டாம். கட்டும்போது குழாய்க்குள் போன மணலும் தூசியும் வெளியேறும்வரை எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிடுங்கள். காலி வீட்டில் தேங்கும் தண்ணீரையும் கவனியுங்கள்; கழிவறைத் தொட்டி, பின்பக்கக் கால்வாய், விட்டுப்போன பெயிண்டு வாளி, எல்லாம் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். ஜொகூர் பாரு வட்டாரத்தில் டெங்கி அரிதான நோயில்லை.

அடுப்பு மின்சாரமா எரிவாயுவா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். எரிவாயு என்றால் 14 கிலோ சிலிண்டர், அரசு உதவித்தொகை போக கிலோ 1 ரிங்கிட் 90 சென். வீட்டுக்குக் கொண்டு வந்தால் கடைக்காரர் கூலி சேர்த்துக்கொள்வார். முதல் முறை சிலிண்டரை வாங்கும்போது காலி உருளைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

நாள் குறிப்பது

ஆடியிலும் மார்கழியிலும் குடி போவதில்லை. பல குடும்பங்களில் புரட்டாசியும் ஆகாது. அதாவது ஜூலை நடுவில் தொடங்கி ஜனவரி நடுவரை உள்ள ஆறு மாதத்தில் மூன்று மாதம் போய்விடுகிறது. மிச்சத்தில் தீபாவளி நெருக்கடி, நவம்பர் முதல் வடகிழக்குப் பருவமழை. தை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஐயரையும் லோரியையும் தேடுவார்கள். தைப்பூசம் வேறு வரும், கூடவே சீனப் புத்தாண்டுக்கு ஓடு ஒட்டுகிறவர், கம்பி வேலைக்காரர், அலமாரி செய்கிறவர் என எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். சீனப் புத்தாண்டுக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அதை அடுத்த மாதம் என்றே கணக்கில் வையுங்கள்.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது: நல்ல மாதம் முடிவதற்குள் போய்ப் பால் காய்ச்சிவிடுவது, சாமான் பிறகு மெதுவாகப் போவது. ஆடி பிறக்கும் முன் பால் பொங்கிவிட்டால் ஆடி முழுவதும் ஓடு தட்டலாம், சாயம் பூசலாம், சிதல் மருந்து அடிக்கலாம். சாத்திரமும் நிறைந்தது, காலி வீட்டு நாட்களும் கிடைத்தன. பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

எது வரும், எது வராது

கட்டத் தொடங்குமுன் அளவு நாடாவோடு இரண்டு வீட்டுக்கும் போங்கள். குவீன் மெத்தை 152க்கு 190 சென்டிமீட்டர், கிங் 183க்கு 190. மெத்தையைக்கூட வளைத்துத் திணிக்கலாம். அடியில் வரும் கட்டில் பெட்டி வளையாது. மாடி வீடுகளில் படி பாதியில் திரும்பும் இடத்தில் அகலம், மேலே சிலிங்கின் உயரம் இரண்டையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லோரிக்காரர் படியின் திருப்பத்தில் அலமாரியைத் தோளில் தாங்கியபடி, “அக்கா, இது ஏறாதுக்கா, சன்னலைக் கழட்டணும்” என்று சொல்லும் நேரத்தில் உங்களுக்கு வேறு வழி இருக்காது.

அழுத்திய தூள் பலகையில் செய்த மலிவு அலமாரிகளைப் பிரித்து மறுபடி பூட்டினால் திருகு பிடிக்காது. விற்றுவிடுங்கள், அல்லது கொடுத்துவிடுங்கள். சிதல் பார்த்த எந்த மரத்தையும் புது வீட்டுக்குள் விடாதீர்கள். பாட்டியின் அம்மிக்கல்லைப் பற்றி அம்மாவோடு வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தில் நான் அம்மா பக்கம்: கல் கெடாது, சிதல் அரிக்காது, திருகு கழன்று போகாது, மறுபடி வாங்கவும் முடியாது. பின்பக்கத்தில் ஓர் ஓரம் ஒதுக்குங்கள். அதற்குப் பதிலாக, மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பாக்களை விட்டுவிட அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள்.

கழித்த சாமானைச் சாலையோரத்தில் இரவோடு இரவாக இறக்கிவிட்டு வருவது குற்றம். ஜொகூரில் திடக்கழிவுக்கான 672ஆம் சட்டத்தின் கீழ் வீட்டுக் குப்பை வாரத்தில் இரண்டு நாள், மறுசுழற்சிப் பொருள், தோட்டக் குப்பை, பெரிய சாமான் ஆகியவை ஒரு நாள் எனத் திடக்கழிவு வண்டி வருகிறது. உங்கள் சாலைக்கு எந்த நாள் என்று தெரிந்து அதற்கு முந்தைய மாலை வெளியே வையுங்கள். ஓட்டுத் துண்டு, சிமெண்டு மூட்டை போன்ற கட்டுமானக் கழிவை அந்த வண்டி ஏற்றாது. அதற்கு வேலை செய்தவரே தொட்டி வண்டி வைக்க வேண்டும். கூலி பேசும்போதே அதைப் பேசிவிடுங்கள்.

கட்டும் முறை

இனிப் பெட்டி. புத்தகமும் பாத்திரமும் சின்னப் பெட்டியில், தலையணையும் துணியும் பெரிய பெட்டியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, புத்தகம் நிறைந்த பெரிய பெட்டியின் அடி மாடிப்படியில் பிய்ந்து விழுவதைப் பார்க்கிறார்கள். பழங்கடைப் பெட்டியை வாங்காதீர்கள். ஈரமும் கரப்பான் முட்டையும் இலவசமாகக் கூடவே வரும். எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தாள் சுற்ற வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்று போட்டால் போதும். கண்ணாடி, பீங்கான் தட்டுகளைச் சேலை, துண்டு, பனியனில் சுற்றி, படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். ஊறுகாய், எண்ணெய், நெய் போத்தல்களின் வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடியை முறுக்கி, எல்லாவற்றையும் ஒரு வாளிக்குள் நிறுத்துங்கள். ஒன்று கசிந்தாலும் வாளியோடு போகும். அந்த வாளி லோரியில் போகக்கூடாது, காரில் உங்கள் காலடியில் வரட்டும்.

பெட்டியின் மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது, பக்கத்தில் எழுதுங்கள். ‘சமையலறை’ என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது திறக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: முதல் நாள், முதல் வாரம், எப்போதாவது. ‘எப்போதாவது’ பெட்டிகளைக் கட்டி முடித்தபின் ஒரு முறை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பாதியை ஏன் கொண்டுபோகிறோம் என்ற கேள்வி தானாக வரும்.

குளிர்சாதனப் பெட்டியை முதல் நாளே காலிசெய்து, பனியை உருகவிட்டு, நிமிர்த்தியபடி ஏற்றச் சொல்லுங்கள். படுக்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகே மின்சாரம் கொடுங்கள். முன்பக்கம் திறக்கும் துணி துவைக்கும் எந்திரம் வாங்கியபோது அதன் பின்னால் நீளமான போல்டுகள் இருந்திருக்கும். அவற்றை மறுபடி பூட்டாமல் ஏற்றினால் உள்ளிருக்கும் உருளை ஆடி உடையும்.

லோரியில் ஏறவே கூடாத ஒரு பை இருக்கிறது. அதில் ஒப்பந்தங்கள், பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம், நகை, மருந்து. சிங்கப்பூருக்குப் போகிறவர் வீட்டில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்: கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை, டச் அண்ட் கோ அட்டை, சீருடை, பாதுகாப்புக் காலணி, மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டு. திங்கட்கிழமை விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, எந்தப் பெட்டியில் கடப்பிதழ் என்று முப்பது பெட்டியைப் பிரிப்பது குடும்ப ஒற்றுமைக்கு நல்லதல்ல.

லோரி

ஓர் அறை, இரண்டு அறைச் சாமானுக்கு ஒரு டன் லோரி போதும். மூன்று அறை வீடு என்றால் மூன்று டன் கேளுங்கள். சின்ன லோரி இரண்டு நடை அடிப்பதைவிட அது மலிவாக முடியலாம். விலை பேசும்போது தொகை மட்டும் கேட்காமல், ஏற்றி இறக்கும் ஆள் எத்தனை, மாடிக்குத் தூக்கக் கூலி உண்டா, கட்டில் பிரித்துப் பூட்டுவது சேர்ந்ததா, டோல் யாருடையது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெரிய சாமான்களைப் படம் எடுத்து முன்பே அனுப்பினால், வந்து நின்று விலை ஏற்ற இடமிருக்காது.

ஜாலான் ஸ்கூடாய் காலையில் ஜொகூர் பாரு பக்கம் நெரியும், மாலையில் திரும்பி வரும் பக்கம் நெரியும். பெரும்பாலான இடிமழை மதியத்துக்கு மேல்தான். ஆகவே லோரி காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, இரண்டு மணிக்குள் இறக்கி முடிப்பது நல்ல கணக்கு. மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை வெயில் நாளிலும் வேண்டும்.

அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்தில் மின்தூக்கியை முன்பதிவு செய்து, வைப்புத்தொகை கட்டி, சாமான் ஏற்ற அனுமதிக்கும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். வரிசை வீடு என்றால் முந்தைய மாலை எதிர் வீட்டு ஆன்ட்டியிடமும் பக்கத்து வீட்டு மாக்சிக்கிடமும் ஒரு வார்த்தை சொல்லி, காரை நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். விடிகாலையில் ஓமப் புகை வரும், மணியடிக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். கையில் ஒரு பாக்கெட் முறுக்கு இருந்தால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.

பால் பெட்டி

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக்குள் போகும் பெட்டியைக் கடைசியாகக் கட்டுங்கள். சாமி படம், குத்துவிளக்கு, திரி, எண்ணெய், தீப்பெட்டி, நிறைகுடம், அரிசி, உப்பு, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு, தேங்காய், மாவிலை, பால், சீனி, பாத்திரம், கரண்டி, தம்ளர்கள். தீப்பெட்டியைத் தனியாக எழுதுங்கள், பெரும்பாலும் மறப்பது அதைத்தான்.

பாத்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புது வீடுகளில் பலர் இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கிறார்கள். பித்தளைச் சொம்போ மண்பானையோ அதில் சூடேறாது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்க, ஐயர் காத்திருக்க, அடுப்பு பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். சின்னக் கையடக்க எரிவாயு அடுப்பு ஒன்றும் அதற்கான குப்பியும் பெட்டியில் இருக்கட்டும், முந்தைய நாளே ஒரு முறை பற்றவைத்துப் பார்த்துவிடுங்கள். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதுதானே ஆசை. வழிந்த பால் அடுப்புக் கண்ணுக்குள் இறங்காமல், அடியில் ஒரு தாம்பாளம் வையுங்கள். ஓமகுண்டத்துக்குக் கீழே செங்கல் அடுக்கி மணல் பரப்பாவிட்டால் சூட்டில் தரை ஓடு வெடிக்கும், வினைல் தரையாக இருந்தால் உருகியே போகும். அடுக்குமாடியில் புகை உணரும் கருவி கத்துமா என்று நிர்வாகத்திடம் கேட்டு, கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள்.

இன்னொரு பெட்டி முதல் இரவுக்கு. படுக்கை விரிப்பு, கொசுவர்த்தி, துண்டு, சோப்பு, பல்துலக்கி, ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, கத்தரி, திருப்புளி, நீட்டிப்பு வயர், குப்பைப் பை, கெட்டில், மீலோ, பிஸ்கட். சமைக்க நினைக்காதீர்கள். அன்றைக்கு மாமாக் கடை ரொட்டி சானாய் போதும்.

முகவரி

குடி போன 30 நாளுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் மைகார்டு முகவரியை மாற்ற வேண்டும். 2021 டிசம்பர் முதல் வாக்காளர் பதிவு தானாக நடந்தாலும், ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் வாக்களிக்கும் தொகுதியை மாற்றத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வங்கி, காப்புறுதி, வருமான வரி, ஊழியர் சேமநிதி, கார் சாலை வரி என்று பட்டியல் போட்டு, வாரத்துக்கு இரண்டாக முடியுங்கள். பிள்ளை முதலாம் ஆண்டுக்குப் போகும் வயதை நெருங்கினால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளிப் பதிவு முந்தைய ஆண்டே நடக்கிறது, வீட்டு முகவரியைப் பார்க்கிறார்கள். ஸ்கூடாயில் தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளி இருக்கிறது, முத்தியாரா ரினியில் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டம் போய்விட்டாலும் பள்ளியின் பெயரில் தோட்டம் நிற்கிறது. வேறு பள்ளியிலிருந்து மாற்றிக்கொண்டு வருகிறவர்கள், இடம் இருக்கிறதா என்பதைப் பெட்டி கட்டத் தொடங்கும் வாரத்திலேயே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.